நொயேமி வேண்டாம் என்ற ஷூ

நொயேமி முதன்முதலில் மைதானத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் எல்லாரும் அவளைப் போலீஸ் என்றுதான் நினைத்தோம். பின்னே என்ன? இத்தாலியில் இந்த மெஸ்த்ரே நகரத்து மேம்பாலத்துக்கு அடியில், எங்கள் மொல்தோவாவுக்குப் போய்வருகிற வேன்கள் வந்து நிற்கிற அந்தப் பொட்டலில், எங்கள் ஊர்ப் பெண்களைத் தவிர வேறு யாருக்கு என்ன வேலை? வாரம் முழுக்க இத்தாலியக் கிழங்களைக் குளிப்பாட்டி, சூப் ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு ஞாயிறு ஒரு நாள்தான் வெளியே வருகிறோம். வீட்டுக்கு அனுப்புகிற பார்சலை வேனில் ஏற்றுவோம். ஊரிலிருந்து வந்த ஆட்டுப்பால் கட்டியையும் ஊறுகாய் ஜாடிகளையும் இறக்குவோம். நாலு வார்த்தை எங்கள் பாஷையில் பேசுவோம். அங்கே ஒரு இத்தாலியப் பெண் மதில்மேல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் என்னவென்று நினைப்பது? பாதிப் பேருக்கு இங்கே தங்குவதற்கான காகிதம் சரியில்லை. தலைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேன்களுக்குப் பின்னால் போய் ஒதுங்கினார்கள்.

வேன் ஓட்டுகிற துதோர்தான் போய் விசாரித்துவிட்டு வந்தான். பல்கலைக்கழக மாணவியாம். வெளிநாட்டிலிருந்து வந்து இந்த நகரத்தில் பிழைக்கிறவர்களோடு பழகி, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுவதற்கு ஒரு படிப்பு இருக்கிறதாம். பயிற்சிக்காக ஆளுக்கொரு கூட்டத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்களாம். வங்காளதேசத்துக்காரர்களின் மளிகைக்கடைகள் ஒருத்தனுக்கு, பிலிப்பினோக்களின் தேவாலயம் ஒருத்திக்கு, நாங்கள் இவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷர்களைக் கூறுபோட்டுப் பங்கு வைத்துக்கொள்ள இதென்ன கசாப்புக் கடையா என்று அங்கேயே சத்தம் போட்டேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் இத்தாலிய மொழியிலேயே போட்டேன்.

என் பெயர் ஸினாய்தா. இந்த ஊரில் மூன்று கிழவர்களை அடக்கம் பண்ணிவிட்டு, இப்போது நாலாவது கிழவரோடு இருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நொயேமி அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். யாரும் பேசவில்லை. என்னிடம் வந்து வணக்கம் சொன்னால் நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறொருத்தியாக இருந்தால் ரோஷப்பட்டுப் போயிருப்பாள். இவள் போகவில்லை. போக அவளுக்கு வழியுமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தின வருடம் இதே பாடத்தில் தோற்றிருக்கிறாள். சீனர்களின் துணிக்கடைத் தெருவில் குளிர்காலம் முழுக்க நின்றும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையாம். இந்தத் தடவையும் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும், விடுதி அறை போய்விடும். அப்புறம் அவள் அம்மா வேலை பார்க்கிற கோழி வெட்டும் ஆலைதான். அங்கே குளிரூட்டிய அறையில் நின்று நின்று அம்மாவின் விரல்கள் பாதி மடங்கியே இருக்கின்றனவாம். அங்கே மட்டும் போகமாட்டேன் என்பதில் நொயேமி உறுதியாக இருந்தாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறுதான் அவளை உள்ளே கொண்டுவந்தது. பார்சல்கள் எல்லாம் நனைகின்றன, ஒட்டுநாடா ஒட்டமாட்டேன் என்கிறது. துதோர் தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் திட்டுகிறான். இவள் மதிலைவிட்டு இறங்கி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பார்சல்கள்மேல் போட்டாள். நாடாவைப் பல்லால் கடித்துக் கடித்துப் பெட்டிகளைக் கட்டினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாலைவரை கட்டினாள். அன்றைக்கு துதோர் அவளுக்கு ஒரு துண்டு பால்கட்டியும் ஒரு மடக்கு திராட்சை மதுவும் கொடுத்தான். நின்ற இடத்திலேயே சாப்பிட்டாள். வீட்டுக்குக் கொண்டுபோ என்று ஒரு ஜாடி ஊறுகாயை நீட்டியபோது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அது அவர்கள் பேராசிரியையின் சட்டமாம். நின்ற இடத்தில் சாப்பிடலாம், குடிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போகிற எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால் கொடுத்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு மாணவன் ஏதோ ஒரு கிழவியிடம் தங்கச் சங்கிலி வாங்கிக்கொண்டு, அந்தக் குடும்பத்தில் வெட்டுக்குத்து வரைக்கும் போயிருக்கிறதாம். அதைக் கேட்டபோது அந்தப் பேராசிரியைமேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. ஆனாலும் ஊறுகாய்க்குப் பயப்படுகிற படிப்பு என்று நாங்கள் அவளைச் சீண்டாத ஞாயிறு கிடையாது. அவளும் சிரித்துக்கொள்வாள்.

நாடா கட்ட விட்டோமே தவிர, தன் கதையை யாரும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் எந்த வீட்டில் எந்தக் கட்டிலில் படுக்கிறேன் என்று இன்னொருத்தி மார்க் வாங்குவதற்கா? தோக்கியா ஒருத்திதான் சொன்னாள்.

தோக்கியா எங்களில் இளையவள். வாயில்லாப் பூச்சி. பேச்சு வராத ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. வாரம் முழுக்க அவளோடு பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான். நொயேமி பதிவுக் கருவியை முன்னால் வைத்து ஒரு கேள்வி கேட்டதும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினாள். எல்லாம் அவள் அம்மாவைப் பற்றி. அம்மா பீட்ரூட் வயலில் ரப்பர் பூட்ஸோடு நின்றது, குடிகார அப்பனைத் தோளில் போட்டுத் தூக்கிவந்தது, வேகமாக நடப்பதற்கு ஊரில் பேர்போனது, பிள்ளைகள் பின்னால் ஓட வேண்டியது. நொயேமி சும்மா தலையாட்டுகிறவள் இல்லை. எந்த வழியாக வயலுக்குப் போவார், எதைப் பாடுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று தோண்டித் தோண்டிக் கேட்டாள். அந்த அம்மாவைப் பற்றி எங்களில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நொயேமி எழுதப்போவது முழுக்க முழுக்க அந்தப் பேச்சை வைத்துத்தான். வேறு ஆள் அவளுக்கு இல்லை.

பனிக்காலம் முடிகிற நேரத்தில் அந்த அம்மா செத்துப்போனார்.

தோக்கியாவால் போக முடியவில்லை. தங்குவதற்கு அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் பாதியில் நிற்கிறது. எல்லையைத் தாண்டினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். விண்ணப்பமும் போச்சு, ஊரில் அவள் பணத்தில் படிக்கிற பையனின் படிப்பும் போச்சு. கிழவியின் சமையலறையில் உட்கார்ந்து, தங்கை பிடித்துக் காட்டிய கைபேசியில் அடக்கத்தைப் பார்த்தாள். அம்மாவின் கால்கள் வீங்கிப் போயிருந்தனவாம். ஷூ ஏறவில்லை. துணிச் செருப்பை மாட்டிவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார்கள். மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்ட தோக்கியாவால் அந்தச் செருப்பைத் தாங்க முடியவில்லை. அந்தப் பனியில் அம்மா எப்படி நடப்பாள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்களிடம் இதற்கு வழி உண்டு. பொமானா என்போம். இறந்தவர் பேரைச் சொல்லி, ரொட்டியில் மெழுகுவர்த்தி ஏற்றி, உயிரோடிருக்கிற ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். இங்கே என்ன கொடுக்கிறோமோ அது அங்கே அவர்களுக்குப் போய்விடும். குவளை கொடுத்தால் குடிக்கக் குவளை, கோட் கொடுத்தால் குளிருக்குக் கோட். வாங்குகிறவர் நன்றி சொல்லக் கூடாது. கடவுள் அவரை மன்னிக்கட்டும் என்று சொல்லி வாங்கி, உடுத்த வேண்டும், போட்டு நடக்க வேண்டும். நாற்பதாம் நாளுக்கு மேல் தள்ளக் கூடாது என்பார்கள்.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையிலேயே வாய்த்தது. தோக்கியா மைதானத்தில் ஒரு வேனின் பின்கதவைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, ரொட்டி வளையங்களை அடுக்கினாள். எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு குவளை, ஒரு கைத்துண்டு, ஒரு மெழுகுவர்த்தி. வாங்கிக்கொண்டோம். கடைசியாக ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். உள்ளே கறுப்புத் தோல் ஷூ, லேஸ் வைத்தது, நல்ல ஷூ. அதன்மேல் ரொட்டி, ரொட்டியில் எரிகிற மெழுகுவர்த்தி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நேராக நொயேமியிடம் போனாள்.

"எங்கம்மா எப்படி நடப்பாங்கன்னு உனக்குத்தான் தெரியும். நீ வாங்கிக்கோ. அவங்க பேர்ல."

நொயேமியின் கை முன்னே வந்தது, பாதியில் நின்றது, பின்னால் போனது. என்னால வாங்க முடியாதே அக்கா, எனக்கு அனுமதி இல்லையே, மன்னிச்சிடுங்க என்றாள். ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள். பணிவு யாருக்கு வேண்டும்? மேலே பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காற்று அடித்து மெழுகுவர்த்தி அணைந்தது. தோக்கியா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நான் விடுவேனா? அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மதிலோரம் இழுத்துக்கொண்டு போனேன். அவள் என்ன செய்தாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். செருப்பை, வீங்கிய காலை, பனியை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஊறுகாய் ஜாடின்னு நெனச்சியா? செத்தவங்களுக்குக் குடுத்தத வேண்டாம்னுட்டியே பொண்ணே. இப்ப அந்தம்மா வெறுங்காலோட நிக்கிறாங்க. உன் மார்க்குக்காக."

இனி இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று சொல்லி அனுப்பினேன். பிறகு தோக்கியாவிடம் போய், கொடு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மெழுகுவர்த்தி எரியும்போது நொயேமிக்கு என்று நீட்டியாகிவிட்டது, அம்மா அதைக் கேட்டிருப்பார், இனி இன்னொருத்தி கைக்கு மாற்றினால் அது பழைய ஷூவைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகிவிடும் என்றாள். எங்களில் வயதானவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க நொயேமி தோக்கியாவுக்குத் தொலைபேசியில் அழைத்தபடி இருந்தாள். தோக்கியா எடுக்கவில்லை. அப்புறம் என்னை அழைத்தாள். இரண்டு தடவை துண்டித்தேன், மூன்றாவது தடவை எடுத்துத் திட்டினேன். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு வருவேன், நீங்கள் அடித்தாலும் வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று கிழவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவருக்குக் காது கேட்காது.

வந்தாள். துதோரின் வேன் கதவு திறந்திருந்தது, பார்சல் வேலை மும்முரம். எல்லாருக்கும் நடுவில் வந்து தோக்கியாவின் முன்னால் நின்றாள். அந்த ஷூவை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். தோக்கியா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் எல்லார் முன்னாடியும் குடுத்தேன். நீ எல்லார் முன்னாடியும் வேண்டாம்னே. முடிஞ்சுபோச்சு."

"முடியல அக்கா. எல்லார் முன்னாடியும்தான் கேக்கறேன். பேராசிரியைகிட்ட சொல்லிட்டேன். நீங்க சொன்னதெல்லாம் அழிச்சாச்சு, ஒரு வரி பாக்கி இல்ல. உங்களைப் பத்தி இனிமே எழுதமாட்டேன். குடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோக்கியாவின் பேச்சை எடுத்துவிட்டால் இவள் கையில் என்ன மிச்சம்? காலி. பரீட்சை மூன்று வாரத்தில். கோழி ஆலை. வாயை மூடிக்கொண்டு ஷூவை வாங்கியிருந்தால் எந்தப் பேராசிரியைக்குத் தெரியப்போகிறது? அதையேதான் நான் கேட்டேன். எல்லார் முன்னாலும் முட்டாளே என்றுகூடக் கூப்பிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். ஷூவையும் வாங்கிக்கொண்டு கதையையும் எழுதினால் ஒருத்தரை ஏமாற்றியாக வேண்டும், ஒன்று பேராசிரியையை, இல்லாவிட்டால் அந்த அம்மாவை, இரண்டும் தன்னால் ஆகாது என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் தோக்கியாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோக்கியா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. இவளும் நகரவில்லை. பெண்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு பார்சலைத் தூக்கிப் போனார்கள். துதோர் கனைத்துப் பார்த்தான். நொயேமி கொஞ்சம் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டாள், மறுபடி அதே இடத்தில் வந்து நின்றாள்.

தோக்கியா கடைசியில் எழுந்து வேனுக்குள் போனாள். ஷூ பெட்டியை அவள் அங்கேயேதான் வைத்திருந்தாள், வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வரவில்லை. ரொட்டி இல்லையே என்று திகைத்தாள். நாள் தாண்டினால் என்ன, முதலில் நீட்டியது நாற்பதாம் நாளில்தானே என்று சொல்லி, நான் என் பையில் மதியத்துக்கு வைத்திருந்த ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன். துதோர் மெழுகுவர்த்தி கொண்டுவந்தான். காற்றுக்குக் கையைக் குவித்துக்கொண்டு நான் பற்ற வைத்தேன். தோக்கியா அம்மாவின் பேரைச் சொன்னாள், நொயேமியின் பேரைச் சொன்னாள், நீட்டினாள்.

"கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்" என்று எங்கள் பாஷையிலேயே சொல்லி, இரண்டு கையாலும் வாங்கினாள் நொயேமி. யாரிடம் கேட்டுப் படித்தாளோ தெரியாது. சரியாகச் சொன்னாள்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றிவிட்டு அதைப் போட்டாள். கால் உள்ளே போக மாட்டேன் என்றது. அந்த அம்மாவின் கால் சின்னது, அந்த அளவுக்குத்தான் தோக்கியா வாங்கியிருந்தாள். நொயேமிக்கு அது இரண்டு அளவு குறைவு. லேஸை முழுக்க உருவி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்திக் குதிகாலை உள்ளே தள்ளினாள். எழுந்தாள். ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நடந்தாள்.

சும்மா நாலு அடி நடந்து காட்டிவிட்டுக் கழற்றியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவள் பார்சல் தூக்க ஆரம்பித்தாள். வேனுக்கும் தராசுக்கும், தராசுக்கும் மதிலுக்கும் அன்றைக்கு முழுக்க நடந்தாள். அதுவும் வேகமாக நடந்தாள், அந்த அம்மா நடந்ததாகச் சொன்னார்களே அந்த மாதிரி. மதியத்துக்குள் குதிகாலில் காலுறை சிவப்பாகிவிட்டது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்தேன். துதோரைத்தான் காரணமில்லாமல் திட்டினேன். தோக்கியா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து அந்தக் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

வேன்கள் கிளம்புகிற நேரம் வந்தது. நொயேமி கடைசிப் பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது தோக்கியா எழுந்து போய் அவளைத் தோளைப் பிடித்து மதிலில் உட்கார வைத்தாள். முன்னால் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் மெல்ல மெல்ல அந்த ஷூவை இழுத்துக் கழற்றினாள். தோல் உரிந்து இரத்தமாக இருந்தது. தன் தலைக்குட்டையை அவிழ்த்து அந்தக் கால்களைச் சுற்றினாள்.

"போதும்டா கண்ணு," என்றாள். "எங்கம்மா காலு இனிமே நோகக் கூடாது."

நொயேமி அப்போதுதான் அழுதாள். தோக்கியாவும் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, அடக்கம் நடந்த நாளிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் எவ்வளவு நேரம்தான் நின்று பார்ப்பது? மூக்கைச் சிந்திவிட்டு அவர்கள் பக்கத்தில் மதிலில் போய் உட்கார்ந்தேன். பரீட்சைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். தெரியல அக்கா, வேற யாரையாவது கேட்டுப் பாக்கணும், மூணு வாரம் இருக்குல்ல என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"யாரும் சொல்லமாட்டாளுக. எனக்குத் தெரியாதா இவளுகளை?" என்றேன். "அந்தப் பதிவுக் கருவிய எடு. நான் உனக்கு ஒண்ணும் குடுக்கமாட்டேன், ஊறுகாய்கூடக் கிடையாது. எழுதிக்கோ. என் பேரு ஸினாய்தா."